பெரிய பழைய வீட்டை விறகால் சூடாக்குவது: எந்த முறை, எவ்வளவு விறகு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். கனடாவின் கிழக்கு ஒன்ராறியோவில், பேர்த் நகரத்துக்கு வெளியே, இரண்டு மாடிப் பழைய செங்கல் வீடு ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். 3,500 சதுர அடி. பின்னால் 12 ஏக்கர் மேப்பிள் காடு. அந்தத் தெருவுக்கு இயற்கை வாயுக் குழாய் இல்லை. பேஸ்மென்ற்றில் இருக்கும் எண்ணெய் ஃபேர்னஸ் வருடத்துக்கு 4,500 லீற்றர் குடிக்கிறது, சூடான காற்று குழாய்கள் வழியாக அறைகளுக்குப் போகிறது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் அம்மாவும் அப்பாவும்தான் வீட்டில். அயல்காரர் வளவுக்குள் தனிக் கொட்டில் மாதிரி ஒரு விறகுப் பொயிலர் வைத்து வீடு முழுவதையும் சூடாக்குகிறார். ‘நாங்களும் அதையே போடலாமா, வேறு நல்ல முறை இருக்கிறதா?’ என்பது கேள்வி. அம்மாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறது என்பதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்கிறேன். வெளிப் பொயிலர் வேண்டாம். முழு வீட்டையும் விறகாலேயே சூடாக்கும் எண்ணமும் இப்போதைக்கு வேண்டாம். கீழ்த்தளத்தின் நடுவில் ஒரு பெரிய, நல்ல விறகு அடுப்பு. மிச்சத்துக்கு இப்போதுள்ள ஃபேர்னஸ், பிறகு ஒரு ஹீற் பம்ப் (வெளிக்காற்றில் உள்ள சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் கருவி). இதற்கான காரணம் உங்களுடைய எண்ணெய் பில்லிலேயே இருக்கிறது.

ஒரு லீற்றர் எண்ணெயில் ஏறக்குறைய 10.6 கிலோவாற் மணி சக்தி இருக்கிறது. 4,500 லீற்றர் என்றால் 48,000 அளவில் வரும். பழைய ஃபேர்னஸ் அதில் ஐந்தில் ஒரு பங்கைப் புகைபோக்கியால் வெளியே விடும் என்று வைத்தால், வீட்டுக்குள் உண்மையில் வந்த சூடு சுமார் 38,000 கிலோவாற் மணி. இதுதான் உங்கள் வீட்டின் ஒரு வருடப் பசி. விற்பனையாளர் சதுர அடியைக் கேட்டுவிட்டு ஒரு மெஷினின் அளவைச் சொன்னால் நம்பவேண்டாம். சதுர அடி பொய் சொல்லும். போன குளிர்காலப் பில் சொல்லாது.

ஒட்டாவாப் பக்கத்துக் குளிரை (வருடத்துக்குச் சுமார் 4,500 வெப்பநாள், அதாவது ஒவ்வொரு நாளும் எத்தனை டிகிரி சூடாக்கவேண்டும் என்பதன் கூட்டுத்தொகை) வைத்துக் கணக்குப் பார்த்தால், வெளியே மைனஸ் 25 டிகிரி இருக்கும் இரவில் உங்கள் வீட்டுக்கு வேண்டியது ஏறக்குறைய 16 கிலோவாற். சாதாரணக் குளிர்நாளில் அதில் பாதியே போதும், 7 அல்லது 8. இந்த இரண்டு இலக்கங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாவற்றையும் இவை தீர்மானிக்கும்.

இனி விறகு. இங்கே விறகை அளப்பது ‘புஷ் கோர்ட்’ கணக்கில்: 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், 128 கன அடி. ‘ஃபேஸ் கோர்ட்’ என்று விளம்பரத்தில் வருவது 16 அங்குலத் துண்டுகளை ஒரே வரிசையாக அடுக்கியது, அதில் மூன்றிலொரு பங்குதான். விலை கேட்கும்போது எந்தக் கோர்ட் என்று கேளுங்கள், புதிதாக வந்தவர்கள் ஏமாறுகிற முதல் இடம் இது. நன்றாகக் காய்ந்த மேப்பிள் ஒரு புஷ் கோர்ட்டில் 7,000 கிலோவாற் மணி இருக்கும். நல்ல அடுப்பில் எரித்தால் 5,000 வீட்டுக்குள் வரும். ஆகவே 38,000க்கு எட்டு புஷ் கோர்ட் வேண்டும். பொப்ளர் போன்ற இலேசான மரம் என்றால் பன்னிரண்டைத் தாண்டும்.

எட்டு புஷ் கோர்ட் என்று சொல்வது சுலபம். காய்ந்த மேப்பிள் ஒரு புஷ் கோர்ட் ஏறக்குறைய 1.7 தொன். எட்டுக்கு 13 தொன்னுக்கு மேல். அதையும் ஒரு தரம் தூக்கினால் போதாது. தறிக்கவேண்டும், கொத்தவேண்டும், அடுக்கவேண்டும், கொட்டிலில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும், அடுப்பில் வைக்கவேண்டும், கடைசியில் சாம்பலை அள்ளவேண்டும். இரண்டு பேரும் ஒட்டாவாவுக்கோ கிங்ஸ்ரனுக்கோ வேலைக்கு ஓடுகிற வீட்டில் இதை யார் செய்வது? மைனஸ் 20இல், உறைபனியில், அப்பாவையா அனுப்பப் போகிறீர்கள்? விறகுச் சூட்டைப் பற்றிக் கதைக்கிறவர்கள் எல்லோரும் மெஷினைப் பற்றித்தான் கதைப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தரம், எந்த நேரத்தில், யார் நெருப்பருகே போகவேண்டும் என்பதுதான் முறைக்கு முறை உண்மையில் மாறுகிறது.

உங்கள் காட்டின் கணக்கும் பாருங்கள். ஆரோக்கியமான வன்மரக் காட்டில் ஏக்கருக்கு வருடம் அரைக் கோர்ட் எடுத்தால் காடு தேயாது என்பது இங்கே பொதுவாகச் சொல்லும் அளவு. 12 ஏக்கருக்கு 6 கோர்ட். எட்டு எடுத்தால் மூலதனத்தில் கை வைக்கிறீர்கள், வட்டியில் அல்ல. கொஞ்சக் காலத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு 2002இல் வின்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஒன்ராறியோ முழுக்க ஆஷ் மரங்களைச் சாகடித்துக்கொண்டு வருகிறது. உங்கள் காட்டிலும் செத்து நிற்கும் ஆஷ் இருக்கலாம். நல்ல விறகு, ஈரமும் குறைவு. ஆனால் செத்த ஆஷ் சடக்கென்று முறியும், மேல் கொப்பு தலையில் விழும். சங்கிலி வாளைப் புதிதாகப் பிடிக்கிறவர் தொடவே கூடாது, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அந்த விறகை வேறு ஊரில் இருக்கும் நண்பர்களுக்குக் காரில் ஏற்றிக் கொடுக்கவும் வேண்டாம், வண்டு பரவுவதே அப்படித்தான்.

காடு 4 ஹெக்டயருக்கு, அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்கு, மேலே இருப்பதால் மாகாணத்தின் பராமரிப்புக் காடு வரிச்சலுகைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்று எழுதிக் கொடுத்தால் அந்தக் காட்டு நிலத்துக்கு வீட்டு வரி விகிதத்தில் கால்பங்குதான் விழும். பலர் தெரியாமல் முழு வரி கட்டுகிறார்கள்.

சரி, அயல்காரரின் பொயிலர். நெருப்புப் பெட்டியைச் சுற்றித் தண்ணீர், அந்தத் தண்ணீர் நிலத்துக்கடியில் குழாய் வழியாக வீட்டுக்கு வருகிறது. சாம்பலும் புகையும் வீட்டுக்கு வெளியே, பெரிய கட்டையை அப்படியே தள்ளலாம், ஒரு நாளைக்கு இரண்டு தரம் போட்டால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பிரச்சினை எங்கே என்றால், 50 கிலோவாற்றுக்கு மேல் கொடுக்கக்கூடிய பெட்டி 7 கிலோவாற் கேட்கிற வீட்டுக்கு வேலை செய்கிறது. தண்ணீர் சூடானதும் காற்று வாசல் மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் விறகு எரியாமல் மணிக்கணக்காகப் புகைந்துகொண்டு கிடக்கும். நெருப்பைச் சுற்றியிருக்கும் சுவர் தண்ணீரால் குளிர்ந்தே இருப்பதால் புகையில் உள்ள எரிவாயு எரியாமல் வெளியேறும், புகைபோக்கியும் உயரம் குறைந்தது. இந்தப் பழைய வகைகள் விறகில் உள்ள சூட்டில் பாதியைக்கூட வீட்டுக்குக் கொடுப்பதில்லை. அந்தக் கணக்கில் உங்களுக்கு எட்டு அல்ல, பன்னிரண்டுக்கு மேல் வேண்டிவரும்.

நிலக்குழாய் இன்னொரு கதை. மலிவான குழாயைப் புதைத்த வளவில் மாசி மாதம் போய்ப் பாருங்கள், பனிக்கு நடுவில் பொயிலரில் இருந்து வீடுவரை புல் தெரிகிற ஒரு நேர்கோடு இருக்கும். அவர் விறகின் ஒரு பங்கு அங்கே மண்ணைச் சூடாக்குகிறது. புதிய, சான்றிதழ் பெற்ற வெளிப் பொயிலர்கள் இதைவிட எவ்வளவோ மேல், அதையும் சொல்லத்தான் வேண்டும். என்றாலும் விலையும் குழாய் வேலையும் சேர்ந்து உங்களை அடுத்த வகையின் விலைக்கே கொண்டுபோய் விடும். ஊராட்சி விதிகளும் இருக்கலாம், வேலியில் இருந்து எவ்வளவு தூரம், எந்த மாதங்களில் எரிக்கலாம் என்றெல்லாம்.

அந்த அடுத்த வகை எனக்கு மிகவும் பிடித்தது. விறகில் இருந்து எழும் வாயுவைக் கீழேயுள்ள இரண்டாவது அறைக்கு இழுத்து, அங்கே மிகுந்த சூட்டில் எரிக்கும் பொயிலர். ஆஸ்திரியாவின் ஃப்றோலிங் போன்ற நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. விறகு காய்ந்திருந்தால் புகைபோக்கியில் புகையே தெரியாது. இதை எப்போதும் முழு வேகத்தில் எரிக்கவேண்டும், அடக்கி எரிக்கக் கூடாது. வீடு அந்த நேரத்தில் அவ்வளவு சூட்டைக் கேட்காதே, மிச்சத்தை எங்கே வைப்பது? அதற்குத்தான் பெரிய தண்ணீர்த் தாங்கி. ஜேர்மனியில் இது சட்டம்: கையால் விறகு போடும் பொயிலருக்கு ஒரு கிலோவாற்றுக்குக் குறைந்தது 55 லீற்றர். 30 கிலோவாற் பொயிலர் என்றால் 1,650 லீற்றர். காலையில் ஒரு முறை மூட்டி முழுதாக எரித்து முடித்தால், தாங்கியில் உள்ள சுடுநீர் பிறகு மெதுவாக வீட்டைச் சூடாக்கும். தாங்கி இல்லாமல் இந்தப் பொயிலரை விற்க வருகிறவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் இது ஏன் சரிவராது? சூடான காற்றுக் குழாய்கள். 2,000 லீற்றர் தண்ணீரை 85 டிகிரிக்குச் சூடாக்கி வைத்தாலும், காற்றைச் சூடாக்கும் கொயிலுக்குத் தண்ணீர் 60 டிகிரிக்கு மேலே இருந்தால்தான் வேலை. 85இல் இருந்து 60 வரை இறங்கும்போது கிடைப்பது 58 கிலோவாற் மணி, எட்டு மணித்தியாலம் தாங்கும். அதே தாங்கித் தண்ணீர் வீட்டின் தரைக்குள் போடும் சூட்டுக் குழாய்களுக்குப் போனால் 35 டிகிரி வரை இறக்கலாம், 116 கிடைக்கும். தாங்கியும் பொயிலரும் அதேதான், பலன் இரண்டு மடங்கு. என்றைக்காவது வீட்டைப் பிரித்துத் திருத்தும்போது தரைக்குள் குழாய் போடப்போகிறீர்கள் என்றால், அப்போது இதை யோசியுங்கள். இப்போது போட்டால் பல பத்தாயிரம் டொலர் செலவழித்துப் பாதிப் பயன்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பேஸ்மென்ற்றில் ஃபேர்னஸோடு சேர்த்துப் பூட்டும் விறகு ஃபேர்னஸ், காற்றுக் குழாய் இருப்பதால் பொருத்தம் போலத் தோன்றும். ஆனால் விறகை எல்லாம் கீழே இறக்கி, நெருப்பைப் பார்க்க ஒவ்வொரு தரமும் படி இறங்கவேண்டும். மின்சாரம் நின்றால் விசிறியும் நிற்கும். பெலெற் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகள்) சுத்தமானது, வசதியானது, ஆனால் உங்கள் வீட்டுக்கு வருடத்துக்கு ஒன்பது பத்துத் தொன் வேண்டும், 18 கிலோப் பைகளில் ஐந்நூறுக்கு மேல். ஐரோப்பாவில் லொறி வந்து குழாயால் ஊதி நிரப்பிவிட்டுப் போகும். இங்கே அந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை. மொத்தமாகச் சேமித்த பெலெற்றில் இருந்து காபன் மொனொக்சைட் வரும், மூடிய அறைக்குள் சேமித்து ஐரோப்பாவில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பின்லாந்துக்காரரின் கல் அடுப்பு அருமையானது. ஒரு தரம் பலமாக எரித்தால் அந்தக் கல் நாள் முழுக்கச் சூடு கொடுக்கும். புது வீடு கட்டினால் அதைத்தான் சொல்வேன். பழைய வீட்டில் சில தொன் கல்லுக்கு அத்திவாரம் போடவேண்டும், அறை அறையாகப் பிரிந்த வீட்டில் அந்தச் சூடு போய்ச் சேராது.

ஆகவே அடுப்பு. நெருப்புப் பெட்டி 3 கன அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். அதில் 20 கிலோ விறகு போகும், 60 கிலோவாற் மணி வரும், சாதாரணக் குளிருக்கு எட்டு மணித்தியாலம். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தரம், வேலைக்குப் போகுமுன், வந்தபின், படுக்குமுன். வீட்டின் தேவையில் அறுபது வீதம் இதிலேயே வரும். விறகு நாலரை, ஐந்து புஷ் கோர்ட். இது உங்கள் காடு வருடாவருடம் தரக்கூடிய அளவுக்குள் அடங்குகிறது. வினையூக்கி (புகையையும் எரிக்க உதவும் பகுதி) உள்ள அடுப்பு மெதுவாகவும் சீராகவும் எரியும், நீண்ட நேரம் வீட்டில் இல்லாதவர்களுக்கு அதுதான் நல்லது. சில வருடங்களுக்கு ஒருமுறை வினையூக்கியை மாற்றவேண்டிவரும். வீட்டுக்கு வேண்டியதைவிடப் பெரிய அடுப்பு வாங்கும் ஆசை வரும். வேண்டாம். அளவுக்கு மீறிய அடுப்பை அடக்கித்தான் எரிப்பீர்கள், அடக்கி எரித்தால் புகைபோக்கிக்குள் கிரியோசோற் என்ற தார் மாதிரியான கரி படியும், ஒரு நாள் அது தீப்பிடிக்கும்.

எங்கே வைப்பது என்பது எந்த அடுப்பு என்பதைவிட முக்கியம். பழைய வீட்டில் வெளிச்சுவரோடு ஒட்டி ஒரு செங்கல் புகைபோக்கி இருக்கும், அதிலேயே பூட்டிவிடலாம் என்பார்கள். வெளிச்சுவர்ப் புகைபோக்கி குளிர்ந்து கிடக்கும், புகையை இழுக்காது. கட்டாயம் அதைத்தான் பாவிக்கவேண்டும் என்றால் உள்ளே 6 அங்குலத் துருப்பிடிக்காத உருக்குக் குழாயைச் சுற்றிக் காப்புப் போட்டு இறக்குங்கள். என் விருப்பம், படிக்கட்டுக்குப் பக்கத்தில், வீட்டின் நடுவில் அடுப்பை வைத்து, 650 டிகிரிக்குத் தரச்சான்று பெற்ற காப்பிட்ட உலோகப் புகைபோக்கியை நேராகக் கூரைக்கு மேலே எடுப்பது. கூரையில் வெளிவரும் இடத்தில் இருந்து குறைந்தது 3 அடி, 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரம். சூடு படி வழியாக மேல்மாடிக்குத் தானே போகும். தூர அறைக்குச் சூடு வேண்டும் என்றால், சின்ன விசிறி ஒன்றை அந்த அறையின் தரையில் வைத்து, குளிர்காற்றை அடுப்புப் பக்கம் தள்ளுங்கள். சூடான காற்று மேலால் தானே திரும்பி வரும். எல்லோரும் இதை மறுபக்கமாகச் செய்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். திறந்த ஃபயர்பிளேஸ்கள் இருந்தால் அடைத்துவிடுங்கள், அவை தருவதைவிட இழுத்துக்கொண்டு போவது அதிகம்.

அடுப்புக்கு முதலே காசு போடவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அற்றிக், கூரைக்குக் கீழே உள்ள வெற்றிடம். அங்கே மேலே ஏறும் கதவு, குழாய்கள் போகும் ஓட்டைகள், பேஸ்மென்ற்றில் கல் அத்திவாரமும் மரச்சட்டமும் சேரும் விளிம்பு, இவற்றை அடைத்து, அற்றிக்கில் செலுலோஸ் என்ற காப்புப் பொருளை ஊதி நிரப்புங்கள். தேவை கால்வாசி குறைந்தால் வருடத்துக்கு ஒரு புஷ் கோர்ட்டுக்கு மேல் தூக்கும் வேலை இல்லாமல் போகிறது. செங்கல் சுவருக்கு உள்ளால் காப்புப் போடுவதில் மட்டும் அவசரம் வேண்டாம். ஈரம் பிடித்துச் செங்கல் உறைந்து உடையும், பழைய கட்டடம் தெரிந்தவரிடம் கேட்டபிறகுதான்.

விறகை இப்பவே வாங்கி அடுக்கத் தொடங்குங்கள். வன்னியில் பாலை விறகு எரித்து வளர்ந்தவர்களுக்குக்கூட இங்கே ஈரம் ஏமாற்றும், ஏனென்றால் அந்த வெயில் இங்கே இல்லை. மேப்பிளும் ஆஷும் கொத்தி அடுக்கி ஒரு முழுக் கோடையாவது கிடக்கவேண்டும், ஓக் இரண்டு வருடம். 45 வீத ஈரமுள்ள விறகு 20 கிலோ போட்டால் அதில் 9 லீற்றர் தண்ணீர் இருக்கிறது, அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிய பிறகுதான் உங்களுக்குச் சூடு. விற்பவர் ‘சீசண்ட்’, அதாவது காய்ந்தது, என்பார், மரம் முழுசாக இரண்டு வருடம் கிடந்ததைச் சொல்வார், முழு மரத்துக்குள் ஈரம் அப்படியே இருக்கும். ஈரமானி ஒன்று வாங்கி, ஒரு துண்டைப் பிளந்து, உள்முகத்தில் குத்திப் பாருங்கள். 20க்குக் கீழே இருக்கவேண்டும். அடுக்கின் மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். எல்லாவற்றையும் தார்ப்பாயால் சுற்றிக் கட்டுவது புட்டு அவிக்கிற மாதிரி, ஒரு நாளும் காயாது.

காப்புறுதி நிறுவனத்தோடு அடுப்பு வாங்குமுன் கதையுங்கள். பெரும்பாலும் ‘வெற்’ (WETT) என்ற விறகுச் சூட்டு வேலைக்கான சான்று உள்ளவரின் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். விறகு மட்டும்தான் சூடு என்றால் பல நிறுவனங்கள் பின்வாங்கும், தெர்மோஸ்ராற்றில் தானே இயங்கும் இன்னொன்றும் இருக்கவேண்டும் என்பார்கள். ஃபேர்னஸைக் கழற்றாமல் வைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஃபேர்னஸ் ஆயுள் முடியும்போது, இருக்கும் காற்றுக் குழாயிலேயே கடுங்குளிருக்கான ஹீற் பம்ப் ஒன்றைப் பூட்டலாம். ஐப்பசியிலும் பங்குனி, சித்திரையிலும் அது மலிவாகச் சூடாக்கும், தையில் அது திணறும்போது அடுப்பு எரியும். இரண்டும் ஒன்றுக்கொன்று நல்ல துணை.

மின்சாரமும் மறக்கக் கூடாது. 1998 தை மாதத்து உறைமழையில் கிழக்கு ஒன்ராறியோக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தன. 2022 வைகாசிப் புயலிலும் ஒட்டாவாப் பக்கம் பல நாள் மின்சாரம் இல்லை. பொயிலர், பெலெற், ஃபேர்னஸ் எல்லாம் அன்றைக்குச் சும்மா இரும்பு. அடுப்பு எரியும், அதன் மேல் சோறும் வேகும். கிணற்றுப் பம்ப் மட்டும் ஓடாது, தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்ராறியோவில் சட்டப்படி கட்டாயம், பற்றரியிலும் இயங்குகிறதாக வாங்குங்கள். சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள், தணல் நாலு நாள்வரைகூட உயிரோடு கிடக்கும்.

இனி அம்மாவின் தொய்வு. நல்ல அடுப்பு, காய்ந்த விறகு, இழுக்கும் புகைபோக்கி என்றால் எரியும்போது வீட்டுக்குள் அநேகமாகப் புகை வராது. கதவைத் திறந்து விறகு போடும் அந்த ஒரு நிமிடத்தில் கொஞ்சம் வரும். தணலாக இருக்கும்போது, முதலில் காற்று வாசலை முழுதாகத் திறந்து, கதவை விரலளவு விட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பிறகு திறந்தால் அதுவும் மிகக் குறையும். சாம்பல் அள்ளும்போது அம்மா வேறு அறையில் இருக்கட்டும். ஆனாலும் சிலருக்கு அந்தச் சிறு புகையே இழுப்பை வரவழைக்கும், அதை நான் இங்கிருந்து சொல்லமுடியாது. அடுப்புக்கு முற்பணம் கட்டுமுன் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். விறகடுப்பு உள்ள ஒரு வீட்டில் ஒரு இரவு அம்மாவைத் தங்கவைத்தும் பாருங்கள். அவருக்கு ஒத்துவரவில்லை என்றால் அடுப்பை விட்டுவிட்டு, அற்றிக் வேலையை முடித்து, ஹீற் பம்ப்பை இப்பவே போட்டு, கடுங்குளிருக்கும் மின்வெட்டுக்கும் மின்சாரம் தேவையில்லாத, புகையை வெளியே விடும் ஒரு புறொப்பேன் அடுப்பை வையுங்கள். காட்டுக்கு அவசரமில்லை. மேப்பிள் அங்கேயே நின்று வளரட்டும்.